செவலையின் கழுத்துப் பெட்டி

முனிரத்தினத்தின் பெயரை உஷா முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவுக்கு நடுவில்தான். பொம்மனஹள்ளியில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் கட்டியிருந்த வாழை மரம் இரண்டையும் முகூர்த்தத்துக்கு முன்னே மாடு மேய்ந்துவிட்டது. "எவன்டா அந்த முனிரத்தினம்? மாடு வளக்கறானா, கொள்ளைக்கூட்டம் வளக்கறானா?" என்று அவள் அப்பா குதித்தார். "மெதுவாப் பேசுய்யா. அவன் திருப்பத்தூர் சின்னபாப்பா மகன். உன் பொண்ணுங்களுக்கு மாமன் முறை" என்றாள் பெரியத்தை. அடுத்த ஆவணியில் அதே பெயர் உஷாவின் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது.

அதெல்லாம் ஆகிப் பன்னிரண்டு வருஷம். மாடு ஒன்பதாகிவிட்டது. மேய்ச்சலுக்கு இருந்த இடமோ சுருங்கி, ஏரியோரப் புல்தரை மட்டும் மிஞ்சியது. அதைத் தாண்டினால் ஓசூர் ரோடு. இரண்டு தடவை மாநகராட்சி வண்டி மாடுகளைப் பிடித்துப் போய்விட்டது. "இன்னொரு தபா ரோட்டுல பார்த்தா நேரா கோசாலைதான். திரும்பக் கேட்டு வராதே" என்று ஷங்கர் என்ற அந்த வண்டிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்பதும் போனால் பிழைப்பே போச்சு.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரஞ்சனி வந்தாள். பக்கத்துத் தெரு மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனி அவளுடையது. கையில் ஒன்பது பெல்ட், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி.

"அண்ணா, இது கண்ணுக்குத் தெரியாத வேலி. போன்ல நான் கோடு போடுவேன். மாடு கோட்டுக்கிட்ட வந்தா பெட்டி சத்தம் போடும். மீறினா லேசா சுருக்குங்கும், அவ்ளோதான்."

"மாட்டுக்கும் போன் வந்துட்டுதா! ரீசார்ஜ் யாரு மேடம் போடறது?" என்றான் முனிரத்தினம்.

எட்டு மாட்டுக்குக் கட்டினான். ஒன்பதாவதான செவலைப் பசுவுக்கு மட்டும் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மகள் தர்ஷினி நாலு வயதில் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் செவலையின் கழுத்தில் கயிறோ மணியோ ஆயுசுக்கும் எதையும் ஏற்றுவதில்லை என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவன் அவன்.

ஒரு வாரத்தில் எட்டும் சத்தத்துக்குப் பழகிவிட்டன. உஷாவுக்குத் தலைகால் புரியவில்லை; அடுப்படியில் நின்றபடியே போனில் மாடுகளைக் காட்டும் எட்டுப் புள்ளிகளையும் எண்ணுவாள்.

பத்தாம் நாள் காலை போன் அலறியது. எட்டும் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன! அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பார்த்தால், முன்னால் செவலை மகாராணி மாதிரி நடக்கிறது. பெட்டியின் சுருக்கென்ற வலியையும் பொறுத்துக்கொண்டு மற்றவை பின்னால் போகின்றன. சிக்னலில் நிற்கிறது ஷங்கரின் வண்டி! பச்சை விழுவதற்குள் செவலையின் கொம்பைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏங்க, வழிகாட்டறவளை விட்டுட்டு வாலுங்களுக்குப் பூட்டு போட்டிருக்கீங்க! அம்மாளுக்கு நேர்ந்த மாட்டை லாரி அடிச்சா, அவ உங்களைச் சும்மா விடுவாளா?"

முனிரத்தினம் செவலையின் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தான். "அம்மாவையே கேட்டுடலாம்" என்றான் கடைசியில்.

தெருக்கோடி மாரியம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார்கள். வெள்ளை வந்தால் செவலைக்கும் கட்ட உத்தரவு. சிவப்பு வந்தால் பெல்ட்டுகளைத் திருப்பித் தருவது. "என் ஆறு மாச வேலை ரெண்டு பொட்டலத்துல இருக்கு அக்கா" என்று ஸ்ரீரஞ்சனி உஷாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். முனிரத்தினம் பிரித்தான்.

மல்லிகை!

அன்றே செவலைக்கும் ஒன்பதாவது பெல்ட்டைக் கட்டிப் பழக்கத் தொடங்கினார்கள். ஏழாம் நாள் தெருவே ஏரியோரம் கூடிவிட்டது. ஷங்கரும் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். செவலை ரோட்டைப் பார்த்து நடந்தது. எட்டும் பின்னால். பெட்டி சத்தம் போட்டது. செவலை காதை ஆட்டி இன்னும் ஓரடி வைத்தது. சட்டென்று தலையைச் சிலுப்பித் திரும்பியது செவலை. ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் திரும்பின. விசில் பறந்தது!

"இனிமே எனக்கு இங்க வேலை இல்லப்பா" என்று ஷங்கர் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார்.

முனிரத்தினம் இப்போதும் பொம்மனஹள்ளியில்தான் இருக்கிறான். ஒன்பது மாடும் அவனிடம்தான் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீரஞ்சனியின் கம்பெனிக்காக ஆனேக்கல் பக்கம் போய், மற்றவர்களின் மாடுகளுக்குப் பெல்ட் கட்டிப் பழக்கிவிட்டு வருகிறான்.