படங்களுக்கு இடம் கண்டுபிடித்த சண்முகத்தாய் அக்கா

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்பு ஒரு நாள் காலையில் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாவ அண்ணே. காப்பிய குடிச்சிட்டு உக்காந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார். ராஜபாளையத்தில், அக்காவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, உட்கார்ந்து போனைத் திறந்தேன். நம் மில் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஆயுத பூஜையில் சந்தனம் பூசிய ஸ்பின்னிங் மெஷினுக்கு முன்னால் அக்கா, விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் அக்கா, பிளவக்கல் அணையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் அக்கா. மில்லில் எல்லா விழாவையும் படமெடுத்தவர் அவர்தான். ஆனாலும் கடைசியில் கேமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றுகொள்வார். "நான் இல்லாம என்ன படம்?" என்று கேட்பார்.

அந்தப் படங்கள் இன்று நம் கையில் இருப்பதே அவரால்தான். அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொழிலாளர் வருகையும் விடுப்பும் பார்க்கிற டைம் ஆபீஸில் அக்கா இருந்தார். அடுத்த அறையில் நான், கணக்குப் பிரிவில். அவருடைய கம்ப்யூட்டர் மில்லிலேயே பழையது. சூடாகி நின்றுவிடும் என்பதால் பெட்டியின் ஒரு பக்க மூடியைக் கழற்றிப் போட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அவருக்குக் காற்று வராது. புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்வார். புதியது கேட்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "கேட்காமலா இருக்கேன்? அடுத்த வருசம், அடுத்த வருசம்ங்காவ. அந்த அடுத்த வருசம் எந்த ஊர்ல இருக்கோ" என்றார்.

மில்லுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு இருந்தது. விழாப் படங்களையெல்லாம் அக்கா அதில்தான் ஏற்றி வைத்தார். தொழிலாளர்கள் வீட்டுக் காரியங்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்த மாடசாமியின் மகள் செல்வி காவல்துறைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் ஓடி வந்தாள். இணையதளம் அவள் புகைப்படத்தை ஏற்கவில்லை. அளவு பெரியது என்றது; குறைத்துப் போட்டால் தெளிவில்லை என்றது. செல்வி அழத் தொடங்கிவிட்டாள். "ஏட்டி, எதுக்கு அழுத? அவன் வாய் எம்புட்டு சின்னதோ அம்புட்டு உருண்டையா உருட்டிப் போடுவோம். முழுங்காம எங்க போறான்?" என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். படத்தின் ஓரங்களை வெட்டினார், சுருக்கினார், திரையைப் பார்த்துத் திட்டினார், மறுபடி சுருக்கினார். கடைசியில் தளம் ஏற்றுக்கொண்டபோது அக்கா போட்ட கூச்சலில் மெஷின் பக்கமிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் காக்கி உடுப்போடு நின்று, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்ட பெண் அந்தச் செல்விதான்.

பெரிய சோதனை அதற்குப் பிறகு வந்தது. நூல் வாங்கும் வியாபாரி ஒருவர் மேனேஜரை அழைத்து, மில்லுக்கு அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பி வருகிறதே என்றார். பார்த்தால், கணக்கில் இடம் முழுதும் நிறைந்திருந்தது. நிறைத்தவை அக்காவின் படங்கள். கூடுதல் இடம் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. "வர்ற திங்கட்கிழமை எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஆர்டர் முக்கியமா, ஆயுத பூஜை முக்கியமா?" என்றார் மேனேஜர்.

அக்கா அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. படங்களைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கப் பார்த்தார். பாதியில் இணையம் அறுந்தது; இணையம் இருந்தபோது பெட்டி சூடாகி நின்றது; இரண்டும் ஓடியபோது அதிலும் இடம் போதவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஆளுக பாதிப் பேருக்கு கல்யாணப் படம்கூடக் கிடையாது கணேசா. இருக்கது இம்புட்டுத்தான். இத நான் எப்படி அழிக்க?" என்றார்.

பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒரே இடத்துல வைக்கணும்னு நெனச்சதுதான் தப்பு. யாரு மூஞ்சியோ அவிய வச்சுக்கிடட்டும்."

அன்றைக்கு ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலில் நின்றுகொண்டார். "ஏலே, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கேன்டீனுக்கு வாங்க! வீட்டு ஆளையும் கூட்டிட்டு வாங்க! ஒங்க படத்த ஒங்க போன்ல ஏத்தித் தாரேன். திங்கட்கிழமை வந்து கேட்டா கெடைக்காது!" விலகிப் போனவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை பக்கத்து ஊரான மம்சாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோக்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். டேபிள் ஃபேனும் கம்ப்யூட்டருமாக அக்கா கேன்டீனில் கடை விரித்தார். அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இடம் அதிகமுள்ள போன் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பிரிவின் படங்கள் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஏற்றிக் கொடுத்தது. அதன் பிறகுதான் வரிசை. வரிசையில் வந்தவர்களின் போனிலும் இடமில்லை. திறந்தால் ரோஜாப்பூ, சூரியன், காலை வணக்கம். "ஊரு பூரா அனுப்புன ரோசாப்பூவ எதுக்குலே சொமந்துக்கிட்டு அலையுத? ஒன் பொண்டாட்டி படத்துக்கு எடமில்லையா?" என்று அவர் அழிக்க அழிக்க, கேன்டீன் முழுதும் சிரிப்பு.

வரிசையில் வேலம்மாள் வந்தார். அவருடைய கணவர் நம் மில்லில் வேலை பார்த்து, நோயில் இறந்தவர். வீட்டில் இருந்தது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியது மட்டும். அக்கா பிளவக்கல் சுற்றுலாப் படங்களைத் திறந்தார். முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, வாயெல்லாம் பல்லாக அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் திரையை விரலால் தொட்டார். "இவிய சிரிச்சா கன்னத்துல குழி விழும்க்கா. எம் மவன்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கான். இப்ப காட்டுதேன்" என்றார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த ஆளு வாங்க" என்று அதட்டினார்.

மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் நின்றது. இந்தமுறை ஃபேன் காற்றுக்கும் அசையவில்லை. கருகிய வாடை வந்தது. வரிசை வெளியே மரத்தடி வரை நீண்டிருந்தது. போச்சு என்று நான் நினைத்தேன். அக்கா நாற்காலி மேல் ஏறி நின்றார். "காலைல மொத்தமா வாங்குனவங்க எல்லாம் கையத் தூக்குங்க! கார்டிங்கா? மாடசாமிகிட்ட போங்க. ஸ்பின்னிங்கா? அந்தா செவத்தோரம் பேச்சியம்மா. வாங்குனவங்க அடுத்தவங்களுக்குக் கொடுக்காம வீட்டுக்குப் போகக் கூடாது!"

அதற்குப் பிறகு நடந்தது ஒரு திருவிழா. ஒவ்வொரு மேசையும் ஒரு பிரிவானது. போனிலிருந்து போனுக்குப் படங்கள் ஓடின. "இது நீயாலே? அம்புட்டு முடியும் எங்க போச்சு?" என்று ஒருவர் தலையை ஒருவர் தட்டினார்கள். ஒரு கம்ப்யூட்டரால் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த வேலையை அத்தனை போன்களும் சேர்ந்து வெயில் தாழ்வதற்குள் முடித்தன. கடைசி ஆட்டோ கிளம்பியபோது அக்காவுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று என்னிடம் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

திங்கட்கிழமை மேனேஜரின் அறையில், அவருடைய கம்ப்யூட்டரிலேயே, அக்கா தன் கையால் எல்லாப் படங்களையும் அழித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முடித்து எழுந்தபோது மேனேஜர் மெல்லக் கேட்டார், "அந்த சாக்கு ஓட்டத்துல நான் ஜெயிச்ச படம் ஒண்ணு இருந்துச்சே?"

"இருக்கு சார். மாடசாமி போன்ல பத்திரமா இருக்கு. செத்த கேட்டு வாங்கிக்கிடுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். அன்று மாலை கார்டிங் பிரிவுக்குத் தானே நடந்து போய் வாங்கிக்கொண்டார். அந்த மாதமே டைம் ஆபீஸுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. அக்கா முதலில் செய்தது, டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதுதான்.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு கேன்டீனில் படம் கொடுப்பது மில்லின் வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். இந்த ஆண்டு அவர் இல்லை. விட்டுவிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் செய்கிறேன் என்று எழுதினேன்.

போன ஞாயிறு செய்தேன். வரிசையில் முதலில் வந்தது ஒடிசாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண். பூஜையன்று தலை நிறையப் பூ வைத்துத் தோழிகளோடு நிற்கும் படத்தை அவள் போனுக்கு ஏற்றினேன். அங்கேயே நின்று ஊருக்கு அனுப்பினாள். உடனே வீடியோவில் அழைப்பு வந்தது. அவளுடைய அம்மா என்னவோ கேட்க, அந்தப் பெண் போனை என் பக்கம் திருப்பினாள். பாஷை தெரியாத அந்த அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

சண்முகத்தாய் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஞாயிற்றுக்கிழமையை. அவருடைய இடத்தில் இனி நான் உட்காருவேன். அடுத்த ஆண்டும் ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு, உங்கள் படத்தை வாங்கிக்கொள்ள வந்துவிடுங்கள்.