கேமரா பார்க்காத சந்து

என் நாத்தனார் பெர்சிஸ் பழிவாங்கிய கதை இது. மன்னிக்கச் சொல்லிப் பங்குச் சாமியார் ஞாயிறுதோறும் பிரசங்கம் வைக்கிறார். அவருடைய மூன்று வருட உழைப்பை எவனும் திருடவில்லை, அதனால் சொல்கிறார்.

ராயபுரத்தில் எங்கள் வீடு. பெர்சிஸ் கணினி வடிவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கோணல்மாணலான ஓர் இடத்தில் குறைந்தது எத்தனை கேமரா வைத்தால் மூலை முடுக்கெல்லாம் தெரியும் என்பதுதான் கேள்வி. அவளுடைய அண்ணன், அதாவது என் புருஷன் ஜெரால்ட், திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். அந்த யார்டை வரைந்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தாள். சரிபார்க்கச் சொல்லி அவளுடைய பேராசிரியர் கிருஷ்ணப்பனிடம் கொடுத்தாள். ஆறு மாதத்தில் அது அவர் பெயரில் மட்டும் அச்சில் வந்தது. போய்க் கேட்டால், "நீ கத்துக்கிட்டதே என்கிட்டதானேம்மா" என்றாராம். இவள் படிப்பை விட்டுவிட்டு வந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள்.

போன ஜனவரியில் அந்த ஆளிடமிருந்தே வாட்ஸப் வந்தது. கணினி வடிவியல் மாநாடு, ஆய்வுக் கட்டுரைகள் அனுப்பலாம், மார்ச் பத்து கடைசி நாள். அடியில் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பதிவு மேசையில் உட்கார ஆள் தேவை. வருகிறாயா?'

"வர்றவங்களுக்கு நான் பேட்ஜ் குத்தணுமாம் அண்ணி."

நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "அந்தாளு மூஞ்சில குத்திட்டு வா."

அவள் சிரிக்கவில்லை. ராத்திரி கிருஷ்ணப்பனின் கட்டுரையை எடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறைத்தாள். ஜெரால்ட் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெர்சி, எங்க யார்டு மாரி கீது?"

"அதேதான். புள்ளியெல்லாம் கேமரா. பொட்டிய எப்டி மாத்தி அடுக்கினாலும் இத்தினி போதும்னு சூத்திரம்."

"எவன் சொன்னான்?" குழம்பு விரலைப் படத்தில் வைத்தார். "இங்க ரெண்டு காலிப் பொட்டிய குறுக்கால போட்டா நடுவுல ஒரு சந்து. எந்த கேமராவுக்கும் தெரியாது. மத்தியானம் நாங்க தூங்கறதே அங்கதான்!"

பெர்சிஸ் கையைக்கூடக் கழுவாமல் பென்சிலை எடுத்தாள். போட்டுப் பார்த்தால், சூத்திரம் சொன்ன கணக்குக்கு மேல் இன்னும் ஒரு கேமரா தேவைப்பட்டது.

"போச்சு அண்ணி. நான் பண்ண தப்பு."

"அதுல உன் பேரு எங்கடி கீது?" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள்.

டியூஷனுக்கு லீவு விட்டு, அந்தச் சூத்திரம் ஏன் தப்பு, சரியானது எது என்று எழுதி அனுப்பினாள். மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியவர் பெயர் காட்ட மாட்டார்களாம். ஜெரால்டுக்குத்தான் பயம். "நன்றின்னு என் பேரப் போட்டுடாத தாயே. தூங்கற எடத்துக்கும் கேமரா வச்சிருவானுங்க."

மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள். நிகழ்ச்சிப் பட்டியல் வெளியான அன்று கிருஷ்ணப்பனே போன் செய்தார். பெர்சிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தத் தப்பு உன்னோடதும்மா. உன் நோட்டுல இருந்ததுதானே?"

"அப்டியே எழுதிக் குடுங்க சார், என் நோட்டுலேர்ந்து எடுத்தேன்னு. மேடைல படிச்சிடறேன்."

அந்த ஆளின் குரல் இறங்கி வந்தது. "சேர்ந்து ஒண்ணு எழுதலாம். உன் பேரு முதல்ல."

"வேணாம் சார். தப்பு உங்க பேர்லயே இருக்கட்டும்."

ஜூலையில் மாநாடு. நானும் போகிறேன். அந்த ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன்.