அந்தி வெயில் விழும் அறை

என் அண்ணி லெட்சுமி மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். கட்டிலைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. விரித்து, நீவி, அழகாக வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை நம்பலாம் என்பார். இரண்டாவது வகை போனதும் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அடியில் ஒரு தேத்தண்ணிக் கறையாவது ஒளிந்திருக்கும். நுவரெலியாவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் இருபத்திரண்டு வருடமாக அறை சுத்தம் செய்து கண்டுபிடித்த உண்மை இது. இதைப் பற்றி அவரோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை.

கந்தப்பளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பார். விடுதியில் ஒன்பது அறை, பதினாறு கட்டில். அந்திக்குத் திரும்பி வந்தால் வீட்டில் பதினேழாவது கட்டில் காத்திருக்கும். அதைக் கசக்குகிறவர் என் அண்ணன் ஆண்டியப்பன். அண்ணி கணக்கில் அண்ணன் மிகவும் நம்பத் தகுந்தவர்.

போன வருடம் அண்ணியின் மகள் கிருஷாந்திக்குக் கொழும்பில் நல்ல வேலை கிடைத்தது. "அம்மா, எங்க போகணும் சொல்லுங்க, நான் பிளேன் டிக்கட் போடுறேன்" என்று கேட்டாள். அண்ணி கோயிலையோ கடலையோ சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"எனக்கு ஒரு லொட்ஜில தங்கணும்" என்றார் அண்ணி. "நான் கசக்கிப் போட்ட கட்டில இன்னொருத்தவங்க விரிச்சு வைக்கணும். நான் வெளிய சுத்திட்டு வந்து அதப் பாக்கணும். ஒரே ஒரு தடவை போதும்."

"அதுக்கு எதுக்கு வெளிநாடு? கண்டியில லொட்ஜ் இல்லையா?" என்றார் அண்ணன்.

"கண்டிக்குப் போனா ரூம் கூட்டுறது நம்ம தோட்டத்துப் புள்ளையாத்தான் இருக்கும். 'அக்கா வந்துட்டீங்களா'ன்னு கேப்பா. நான் வெளக்கமாத்த வாங்கிருவேன்."

அவர் சொன்னது உண்மை. அண்ணியின் கையைப் பற்றி அண்ணிக்கே நன்றாகத் தெரியும். ஆகவே திருச்சி என்று முடிவாயிற்று. கொழும்பிலிருந்து ஒரு மணி நேர விமானம். அண்ணன் வர மறுத்தார். கோயில் பார்க்க சீதாஎலிய போதும், அரை மணியில் போய்விடலாம் என்பது அவர் கட்சி. துணைக்கு நான் போனேன். நான் பள்ளிக்கூட டீச்சர், பெயர் தனுஜா. மே மாதத்தில் லீவு எடுக்கப் பள்ளி அதிபரிடம் என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை.

இணையத்தில் அறை பிடித்துவிடலாம் என்று போனில் படங்களைக் காட்டினேன். அண்ணி ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்.

"படத்துல தலகாணி நல்லாத்தான் இருக்கும். எங்க மொதலாளி படம் புடிக்கிறப்ப மூணு ரூம் தலகாணியக் கொண்டாந்து ஒரே கட்டில்ல அடுக்குனதே நாந்தான். நேர்ல பாத்துத்தான் எடுக்கணும், டீச்சரம்மா."

அப்படியே இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, ஒரு சுடுதண்ணி பிளாஸ்க் சகிதம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு இறங்கினோம். கம்பளி அண்ணியின் ஏற்பாடு. ஊர் பேர் தெரியாத இடத்துக் கம்பளியை நம்ப முடியாதாம்.

முதல் இரண்டு லாட்ஜில் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை கொடுத்தால் ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமாம், அந்த வம்பு வேண்டாமாம். வாசலில் நின்று அண்ணி பொரிந்து தள்ளினார்.

"என் பொறப்புப் பத்திரத்துல இந்தியத் தமிழர்னு எழுதி வச்சிருக்கான். இங்க வந்தா நான் வெளிநாட்டுக்காரியாம். அப்ப நான் எந்த ஊருக்காரின்னு யாராச்சும் ஒருத்தர் முடிவு பண்ணிச் சொல்லுங்க!"

யாரும் முடிவு பண்ணவில்லை. மூன்றாவது லாட்ஜில் படிவம் நிரப்பத் தயாரான ஒரு மேனேஜர் இருந்தார். அண்ணி அவரோடு நான்கு அறைகள் பார்த்தார். கதவின் மேல் விளிம்பில் விரல் ஓட்டினார். மெத்தையின் மூலையைத் தூக்கினார். விரிப்பை மோந்து பார்த்தார். மேனேஜருக்கு வேர்த்தது, சுகாதாரத் துறையிலிருந்து யாரோ மாறுவேடத்தில் வந்திருப்பதாக நினைத்துவிட்டார் பாவம்.

"ஈரவாடை வருமா தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"வராதும்மா."

"சுடுதண்ணி?"

"இந்த மாசத்துலயா?" மேனேஜர் விழித்தார். "எந்நேரமும் வரும்மா. வேணாம்னாலும் வரும்."

"அந்தி வெயில் விழுற ரூம் இருக்கா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "மொட்டை மாடிக்குக் கீழ, மேற்குப் பக்கம் ஒண்ணு இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க எடுத்துக்கறதா இருந்தா பாதி வாடகைக்கே தரேன்" என்றார் தயங்கியபடி.

அண்ணி முகத்தில் ஓடிய சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. ஏனென்றால் நுவரெலியா விடுதியில் ஏழாம் நம்பர் அறைக்குத்தான் கிராக்கி. மேற்குப் பார்த்த ஜன்னல். பனி மூட்டத்துக்கு நடுவே அந்தியில் ஒரு மணி நேரம் வெயில் உள்ளே வரும், கம்பளி காயும், சுவரில் பூஞ்சணம் பிடிக்காது. ஆகையால் மற்ற அறைகளைவிட அதற்கு வாடகை அதிகம். அப்படிப்பட்ட அறையைப் பாதி விலைக்குத் தருகிற மனிதனுக்குத் தொழில் தெரியவில்லை என்று அண்ணி முடிவு கட்டினார். நானும் மலைக்காரிதானே. எனக்கும் அது எங்கள் யோகம் என்றே பட்டது.

"பாவம், நல்ல புள்ள" என்றார் படியேறும்போது. "யாராச்சும் வெவரம் சொல்லிக் குடுக்கணும்."

பெட்டியை வைத்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினோம். மலைக்கோட்டையில் நானூறு படிகளுக்கு மேல். பாதியில் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி அவர்களுக்கு நடுவே விறுவிறுவென்று ஏறி, உச்சியில் நின்று, "இதுக்குப் பேரு மலையா? நம்ம பள்ளிக்கூடத்துக்கு இதவிட ஏறணுமே" என்று சத்தமாகவே கேட்டார். நான் கூட்டத்தோடு கலந்துகொண்டேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று தெரிந்த பிறகு அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கட்டைக் கிழித்து நீட்டியதை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் இப்படிப் போவது சரியா என்று எனக்கு உறுத்தியது. அண்ணிக்கு உறுத்தவே இல்லை.

"என் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்துல இருந்துதான் மண்டபம் வரைக்கும் நடந்தே போயி கப்பலேறுனாரு. அந்த பஸ் காச இப்ப கழிக்கிறேன், பேசாம வா."

மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பினோம். கதவின் தாழ்ப்பாளே சுட்டது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். மின்விசிறி கொதிக்கிற காற்றை எங்கள்மேல் அள்ளி அள்ளிப் போட்டது. முகம் கழுவக் குழாயைத் திறந்தால், தேயிலையைப் போட்டால் சாயம் இறங்கியிருக்கும், அவ்வளவு சூடு. மேற்கு ஜன்னலில் வெயில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் கேட்டு வரவழைத்த விருந்தாளி அல்லவா அது?

"எப்படி அண்ணி ரூம்?" என்று கேட்டேன்.

"வெயில் நல்லதுதான்" என்றார், முந்தானையால் விசிறிக்கொண்டே. "கம்பளி நல்லாக் காயும்."

கம்பளி காய்ந்தது. நாங்களும் காய்ந்தோம். அன்றிரவு தரையில் ஈரத் துண்டை விரித்து அதன்மேல்தான் படுத்தோம். காலையில் அண்ணி இடுப்பில் கை வைத்துக் கட்டிலைப் பார்த்தபடி நின்றார். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது அது.

"கசங்கவே இல்லையே தனுஜா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. கடல் தாண்டி வந்தது எதற்காக என்பது எனக்கும் அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

மேனேஜர் நல்லவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் வாடகை ஏற்றி, முதல் மாடியில் வெயில் எட்டிப் பார்க்காத அறை ஒன்றைக் கொடுத்தார். "லேசா ஈரவாடை" என்று அண்ணி குறை சொல்லிக்கொண்டே கட்டிலில் நன்றாகத் தூங்கினார். மறுநாள் ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு வெளியே வருகிறேன், கட்டில் பளிச்சென்று விரித்திருக்கிறது, தலையணை நேராக இருக்கிறது, அண்ணி அதன் அருகே திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி நிற்கிறார்.

"நான் பண்ணல. கை பண்ணிருச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். அன்று காலை முழுக்க ஸ்ரீரங்கத்தில் கோபுரத்தைக் காட்டினால் கோபுரத்தைப் பார்த்தார், யானையைக் காட்டினால் யானையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மாள் எங்கள் விரிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து, அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். லாட்ஜில் அறை கூட்டுகிறவர், பெயர் மீனம்மா என்று பிறகு தெரிந்தது. எங்களைக் கண்டதும் விரிப்பை நழுவ விட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. குப்பை எடுக்க வந்தேன். கட்டில் இவ்ளோ நல்லா விரிச்சிருக்கவும் ஒரு சந்தேகம்…"

"கறை இருக்கும்னு பாத்தீங்களா?" என்றார் அண்ணி.

மீனம்மா அவசரமாக விரிப்பை நீவினார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் அப்படித்தான் பாப்பேன்! மூலையத் தூக்கிப் பாருங்க, நடுவுல பாக்காதீங்க. மறைக்கிறவன் மூலையிலதான் மறைப்பான்."

ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தொழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த லாட்ஜில் முப்பது அறைக்கு இரண்டு பேர். இங்கே விரிப்பு ஒரு மணி நேரத்தில் காய்கிறது, நுவரெலியாவில் நான்கு நாள் ஆகும் என்று அண்ணி சொன்னதை மீனம்மா நம்பவே இல்லை. பேச்சுவாக்கில் அண்ணி கேட்டார்: "கட்டில எத்தனை மணிக்கு விரிக்க வருவீங்க?"

"தினமுமா? ரூம் காலி பண்ணாத்தான்கா விரிப்பு மாத்துவோம். தினமும் விரிச்சு வைக்கிறதெல்லாம் பெரிய ஹோட்டல்ல. இந்த வாடகைக்கு ஏதுக்கா?"

அண்ணி "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கதவு விளிம்பு, மெத்தை மூலை, சுடுதண்ணி என்று அத்தனையும் சோதித்தவர், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பதினாறு கட்டிலைத் தினமும் விரிக்கிறவருக்கு, விரிக்காத லாட்ஜ் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. மீனம்மா போனதும் நான் பின்னாலேயே மாடிப்படி வரை போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் சாயந்தரம் விமானம். காலையில் நான் காவல் இருந்தேன். அண்ணியின் கை விரிப்புப் பக்கம் போனபோதெல்லாம் ஒரு சத்தம் போட்டு, கட்டிலைக் கசங்கியபடியே விட்டு, அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனேன். இலவச பஸ்ஸில் திருவானைக்காவல். அண்ணி வழியெல்லாம் அடுப்பை அணைக்காமல் வந்தவர் மாதிரி தவித்தார். "பாத்தா என்ன நெனப்பாங்க? ஒழுங்கில்லாத பொம்பளைங்கன்னு நெனப்பாங்க."

இரண்டு மணிக்குப் பெட்டி எடுக்க வந்தோம். அண்ணிதான் கதவைத் திறந்தார்.

கட்டில் விரித்திருந்தது. சலவையிலிருந்து வந்த புது விரிப்பு. இரண்டு தலையணை, நேராக. காலடியில் எங்கள் கம்பளி நான்காக மடித்து வைத்திருந்தது. அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகக் கிட்டே போனார்.

"மூலை சரியா மடிக்கல" என்றார். கை மூலைக்குப் போயிற்று, பாதி வழியில் நின்றது, திரும்பி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"படுங்க அண்ணி."

"இருக்கட்டும். கலைஞ்சிரும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கோட்டையைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது என்று கீழேயிருந்து குரல் வந்த பிறகுதான் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். கட்டிலின் நடுவில் நேராகப் படுத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் கிடந்தார். எழுந்ததும் அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன், பழக்கதோஷத்தில் எதையாவது செய்துவிடப் போகிறது என்று.

படியடியில் மீனம்மா நின்றார். அண்ணி கொண்டுவந்திருந்த தேயிலைப் பொட்டலங்களை அவர் கையில் திணித்தார்.

"நல்லாக் கலைச்சிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"அதுக்குத்தானேக்கா விரிச்சேன்" என்றார் மீனம்மா.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் எதையும் காதில் போட்டுக்கொள்கிறவர் இல்லை. இதையும் கேட்டுவிட்டுச் செய்திக்கு ரேடியோவைத் திருப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணனைக் காணோம். அண்ணி கையில் பிளேன்டீயோடு பலகையில் உட்கார்ந்து கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கம்பளி கோணலாக விரிந்து, ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறுபக்கம் மெத்தை தெரிந்தது. தலையணை காலடியில் இருந்தது. டீச்சர் புத்தி, நான் அதைச் சரி பண்ணக் குனிந்தேன்.

"தொட்டுறாத!" என்று அண்ணி பதறி எழுந்தார். "ஒங்கண்ணன் விரிச்சது."