கறுத்த கொட்டை ஒருபுறம்

மனம் பதறும்போது என்ன செய்வது என்று கேட்பவர்களிடம், ஒரு சுளகில் கொஞ்சம் பயற்றைக் கொட்டிப் பொறுக்கச் சொல்வேன். இந்த வைத்தியம் என் மனைவியுடையது. அவளிடமிருந்து நான் பிடுங்கியது.

அப்போது கண்டியில் ஒரு காப்பிக் கிட்டங்கியில் நான் கிளாக்கர். குடியிருந்தது மஹய்யாவயில். சின்ன வயதில் பெற்றோருடன் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவள் என் மனைவி. "நீங்க முன்னால போங்க, வந்துர்றேன்" என்று வழியில் உட்கார்ந்த தாய் வந்து சேரவே இல்லை. அதிலிருந்து யார் வரத் தாமதித்தாலும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாலையில் நான் படியேறும்வரை சுளகும் கையுமாக வாசலில் இருப்பாள். கறுத்த காப்பிக்கொட்டை ஒருபுறம், நல்லது மறுபுறம். கல்யாணத்துக்கு முன் கம்பளைக் கிட்டங்கியில் அக்காவோடு கொட்டை பொறுக்கிய பழக்கம். முடிந்ததும் எல்லாவற்றையும் கலந்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

ஒருநாள் உடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"என்ன காணும், கிட்டங்கியை வீட்டுக்குக் கொண்டு வந்திட்டீரோ? மனிசியின்ரை பேரையும் இடாப்பிலை பதியட்டோ?"

நானும் சிரித்தேன். அவர் போனதும் சுளகைப் பிடுங்கி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டேன்.

"அத மட்டும் வாங்கியாந்துருங்க. கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ ஓடுதுங்க."

"கிளாக்கர் பொண்டாட்டி கொட்ட பொறுக்குறதா? பயமா இருந்தா மூச்ச நல்லா இழுத்து விடு. சாமிய நெனச்சுக்க."

படித்தவன் சொன்ன வைத்தியம். அவள் செய்தும் பார்த்தாள். முறுக்கி முறுக்கிச் சேலைத் தலைப்பு நூலாய்ப் பிரிந்ததுதான் மிச்சம். சில மாதங்களில் கம்பளைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அழைத்துவர ரயிலேறினேன். கம்பளைக் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக அமர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

"அடியே, ஒன் தொர வந்துட்டாரு, எந்திரி!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவள் எழுந்து வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொளக வாங்கியாந்துட்டீங்களா?"

இல்லை, இன்றே வாங்கிவிடுகிறேன், வா என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

"அதெல்லாம் நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்றேன்.

"அப்ப நீங்க போங்க. இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

பிறகு காப்பிச்செடிகளில் நோய் விழுந்தது. கிட்டங்கிகள் மூடின. கம்பளைக்கு ஓடினேன். அக்கா குடும்பத்தோடு அவளும் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தாள். எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

இன்று மலையெல்லாம் தேயிலை. மாலையானால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வாசலில் சுளகோடு உட்கார்ந்து பயறு பொறுக்குகிறேன். அடங்குகிறது. முடிந்ததும் கலந்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் மட்டும் கை நின்றுவிடுகிறது.