பல் இல்லாமல் எடுத்த படம்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு போர்வெல் வண்டியோடு போய்விட்டேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று தரையில் ஓட்டை போட்டே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ராஜஸ்தானில் ஒரு நாள் பைப் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி வாயில் அடித்தது. மேல்வரிசையில் முன்பல் மூன்று போயின. வாயைக் கழுவிக்கொண்டு, அந்தக் கிணற்றை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

கழற்றி மாட்டும் பல் செட் ஒன்றை வழியில் ஏதோ ஒரு ஊரில் செய்துகொண்டேன். பேசினால் ஆடும். தும்மல் வந்தால் கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மா மண்டபம் படித்துறையில் காவேரியில் முங்கி எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீரோடு செட்டும் போய்விட்டது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் எனக்காக இரண்டு முறை முங்கித் தேடினார். எனக்குத் தேடவே மனம் வரவில்லை. கரையேறித் துண்டைக் கட்டும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி கழற்றுகிற பல் வேண்டாம் என்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார், சின்ன வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு போதும் என்றார். மூன்று பல்லுக்கு இரண்டு திருகு எலும்பில் இறக்க வேண்டும். எலும்பு அதைப் பிடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். அதன் பிறகுதான் மேலே பல். நான் அலைகிற ஆள் என்பது தெரிந்ததும், பாதியில் ஓடிவிடுவேனோ என்ற சந்தேகம் அவருக்கு. செட்டே போதுமே என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் மசியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன தாள் முழுக்க இங்கிலீஷ். தமிழில் படித்துச் சொன்னால்தான் போடுவேன் என்றேன். வெளியே ஆட்கள் காத்திருக்க, வரி வரியாகச் சொன்னார். பீடி கூடாது என்ற வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன்.

மரத்துப்போன வாயில் ட்ரில் இறங்கியபோது பயமாக இல்லை. எங்கள் வேலைதான், அளவு சின்னது. முடிந்ததும் பஞ்சைக் கடித்தபடியே எத்தனை அடி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பதினோரு மில்லிமீட்டர் என்றார். அந்த இடத்தை எதுவும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் திருகு பிடிக்காமல் ஆடிப்போகலாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

அக்காவிடம் சொன்னேன்.

"மூணு மாசமா? கல்யாணம் பண்ணிக்கிட்டப்பவே நாப்பது நாள்தான்டா நீ ஊர்ல இருந்த" என்றாள்.

உண்மைதான். நான் வண்டியேறிய கையோடு அவள் பிறந்த வீட்டுக்குப் போனவள், திரும்பவே இல்லை. மூன்று மாதத்தை ஓட்டக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கப் போனேன். முதல் நாளே பொக்கை என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பினேன். போர் வண்டியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பெண்ணை மணையில் உட்கார வைத்து மாலை போட வேண்டியவன் தாய்மாமன். எல்லாப் படத்திலும் முன்னால் நிற்க வேண்டியவனும் அவன்தான். ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு செட்டு மாட்டிக்கடா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏதாவது நினைப்பாங்க."

"அழுத்தக் கூடாதுக்கா."

"அப்ப வாயை மூடிக்கிட்டு நில்லு."

"வாயை மூடிக்கிட்டு நிக்க அது என்ன எழவு வீடா?"

இரண்டு நாள் சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள்தானே என்று நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புக்காகப் பீடியை விட்டிருந்தேன், வண்டியை விட்டிருந்தேன். நாலு பேர் பார்வைக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

அன்றைக்கு மாலையைப் போட்டேன். கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். முழுசாகச் சிரித்தேன். பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா குனிந்து என் வாயைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, பல்லை எங்க வச்சுட்டு வந்தீங்க?"

"காவேரியில விட்டாச்சுங்க. புதுசா போர் போட்டிருக்கு. தண்ணி வரக் கொஞ்ச நாளாகும்."

வரிசையே சிரித்தது. அக்கா மட்டும் சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது மாதம் டாக்டரம்மா ஈறைத் திறந்து, ஒரு கம்பியின் பிடியால் திருகைத் தட்டிப் பார்த்தார். எங்கள் ட்ரில் மண்ணில் இறங்கும்போது பொத்தென்று கேட்கிற சத்தம் பாறையைத் தொட்டால் மாறிவிடும். இருபது வருஷம் அதைக் கேட்ட காது எனக்கு. இரண்டும் கணீரென்றன. பிடித்துவிட்டது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அளவெடுத்த இரண்டு வாரத்தில் பல் வந்தது.

புதுப் பல்லோடு வீட்டுக்குப் போனால், நிச்சயதார்த்த ஆல்பம் வந்திருந்தது. முதல் பக்கத்திலேயே நான், வாய் நிறையப் பல்லோடு. அக்கா சொல்லி ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார். என் பீடிக்கறைப் பற்களுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்ததுபோல் மூன்று, யாருடையதோ. அக்கா என் வாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டதே, இதில் என்ன தப்பு என்றாள்.

"அன்னைக்கு எனக்குப் பல்லு இல்லக்கா. இல்லாமத்தான் நின்னேன்."

ஆல்பத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்பினேன். பல் இல்லாத படமாக மாற்றி வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் வண்டிக்குப் போக வேண்டும்.