பௌதிகத்தை மட்டும் மாற்றினேன்

பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்தில் கணிதமும் பௌதிகமும் நன்றாகத் தேறியிருந்ததால், கோலாலம்பூர் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டுப் பாடங்களையே எடுக்கலாம் என்றார்கள். புக்கிட் ரோத்தான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அப்பா, “ஒரு வருசம் மிச்சம்லா!” என்று பூரித்துப்போனார். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

கணித வகுப்பில் சிரமமே இல்லை. பௌதிக வகுப்பில்தான் வியர்த்துவிட்டது. நான் படித்ததெல்லாம் மலாய் மொழியில். விரிவுரையாளரோ ஆங்கிலத்தில் மளமளவென்று போனார். எனக்குத் தெரிந்த ‘பெச்சுத்தானை’த்தான் ‘ஆக்சிலரேஷன்’ என்கிறார் என்று புரிவதற்குள் கரும்பலகையை அழித்துவிட்டார். தோற்றால் உபகாரச் சம்பளம் போய்விடும். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு, “படிப்ப விட்டுட்டு ஊருக்கே போறேன்” என்று அறைத்தோழி லெட்சுமியிடம் அழுதேன்.

“பிசிக்ஸுக்காக படிப்பையே விடுவியா? அத மட்டும் ஃபர்ஸ்ட் இயருக்கு மாத்து லா! வா, ஆபீஸ் மூடிருவாங்க.”

ஓடினோம். பாடம் மாற்ற அன்றுதான் கடைசி நாளாம். அலுவலகப் பெண் முத்திரை குத்திய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முதலாண்டு வகுப்பில், தெரிந்த பாடமே புது மொழியில் மெல்லப் பிடிபட்டது. இரண்டிலும் தேறினேன்.

இப்போதெல்லாம் எந்த வகுப்பானாலும், ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுக்கிறேன். சென்ற மாதம் சேர்ந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அப்படித்தான்.

– சாந்தி, புக்கிட் ரோத்தான்