நான்கு மூட்டை நெல் கேட்ட துளசிராமன்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக் கிடங்கு, ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடிக்குக் கேட்காத நீளம். ஒரு கோடியில் உட்கார்ந்து நான் சீட்டு எழுதுவேன். அதை மறுகோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது துளசிராமனின் வேலை. சோழவரத்துக்காரன். முப்பத்தெட்டு வயது, கொஞ்சம் நெல் நிலம், மணியம்மாள் என்று ஒரு மனைவி, நான்கு வருடத் தினக்கூலி. வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவன் சாமியிடம் வேறு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

1974 கடைசியில் எங்கள் மேனேஜர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துவிட்டார். அதில் ஒருவன் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு கிடங்கில் சீட்டு கொண்டுபோகிறான். கூரை ஒழுகுகிறது என்று மூன்று மழைக்காலமாக நாங்கள் எழுதிக் கொடுத்தது அவர் கண்ணில் படவில்லை, இது பட்டது. பதினைந்தே நாளில் பம்பாயிலிருந்து ஒரு ஜோடி ஸ்கேட்டிங் சக்கரம் வந்து இறங்கியது. இரும்புத் தகடு, அடியில் நான்கு நான்கு சக்கரம், பாதத்தோடு சேர்த்துக் கட்டத் தோல்வார். மாசி மாதம் பெரிய டைரக்டர் வருகிறார், அவர் முன்னால் ஓட்டிக் காட்டுகிறவனுக்கு நிரந்தரம் என்று மேனேஜர் அறிவித்தார். இளவட்டங்கள் எல்லாம் இடுப்பெலும்பை நினைத்துப் பின்வாங்கினார்கள். துளசிராமன் கையைத் தூக்கினான். எனக்குக் கோபமே வந்தது. ஏழைக்கு நிரந்தரம் தர ஏன் அவனை விழவைத்துப் பார்க்க வேண்டும்?

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் இருக்கிறதல்லவா, கார்ப் பந்தயம் இல்லாத நாட்களில் அதில் நெல் காயும். சக்கரத்தை வீட்டுக்கு வாங்கிப்போய் அவன் பழகியது அங்கேதான். தை அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மணியம்மாள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி துளசிராமன் சக்கரத்தின்மேல் நின்றான். தோளை விட்டால் விழுந்தான், விடாவிட்டால் இருவரும் விழுந்தார்கள். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"காலைத் தூக்காதய்யா. நெல்லு தொழாவற மாதிரி தரையோட இழுத்துக்கினு போ" என்றாள்.

இருபது வருடமாகச் செய்த வேலை. கால் உடனே புரிந்துகொண்டது. ஆறடி தூரம் வழுக்கிப் போனான். ஆனால் நிற்கத் தெரியவில்லை. நேராகப் போய்க் குவித்திருந்த நெல்லில் ஏறினான். சக்கரம் புதைந்து, ஆள் முகங்குப்புற விழுந்தான். அடுத்த வாரம் பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, விழாமலே நெல்லில் புதைந்து நின்றான். தன் நெல்லில் எருமை புகுந்தாற்போல் இருக்கிறதென்று பக்கத்துக் களத்து அஞ்சம்மாள் வாரந்தவறாமல் திட்டினாள். ஐந்தாம் வாரம் அவன் போன அழகைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நான்கு வருடத்தில் அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

டைரக்டர் வருவதற்கு முதல்நாள் அவன் மேனேஜரிடம் போய்ப் பணிவாக நின்றான்.

"சார், அந்தக் கோடில நாலு மூட்டை நெல்லு கொட்டி வெக்கணும் சார்."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. பெரியவர்களை வரவேற்க நெல் வைப்பது வழக்கம்தானே என்று மேனேஜர் தானே முடிவுகட்டினார். நான்கு மூட்டை வீண்செலவு என்றும் பட்டிருக்கிறது. மறுநாள் மறுகோடியில் கோலம், குத்துவிளக்கு, ஒரு பித்தளைப் படி நிறைய நெல். அதற்குப் பின்னால் சீட்டு வாங்கக் கையை நீட்டிக்கொண்டு டைரக்டர்.

இந்தக் கோடியிலிருந்து எனக்கு விளக்கும் ஆட்களும் தெரிந்தன, நெல் எவ்வளவு என்று தெரியவில்லை. சீட்டைக் கொடுத்தேன், துளசிராமன் புறப்பட்டான். பாதி தூரம் வரை அப்படி ஓர் ஓட்டம், எல்லோரும் கைதட்டினார்கள். பிறகுதான் அவனுக்கு அந்த ஒரு படி நெல் தெரிந்திருக்க வேண்டும். வழக்கம்போல் சாய்ந்தான், கையை விரித்தான். நெல்லுக்குப் பதில் டைரக்டர் கிடைத்தார். கட்டிப்பிடித்தபடியே இருவரும் பின்சுவர் வரை போய் உட்கார்ந்தார்கள். படி உருண்டு, விளக்கு அணைந்தது. சீட்டு மட்டும் டைரக்டர் கையில் பத்திரமாக இருந்தது.

நல்லவேளை, சக்கரத்தை வரவழைக்கக் கையெழுத்துப் போட்டவர் டைரக்டரே. திட்டம் தோற்றது என்று பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்கு எழுத அவரால் முடியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெற்றி என்று அறிவித்தார். துளசிராமனுக்கு அன்றே நிரந்தர உத்தரவு வந்தது, பதவி 'சக்கரத் தூதர்'. கூடவே இன்னொரு உத்தரவு, இனிமேல் சக்கரத்தை யாரும் தொடக்கூடாது. அது மேனேஜர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் போனது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் பொட்டும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரச்சொல்லி துளசிராமன் மூன்று தடவை கேட்டான். கம்பெனிச் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். சக்கரத் தூதர் நடந்தே சீட்டு கொண்டுபோனார்.

அடுத்த தையில் விதைநெல் கேட்க அவன் களத்துக்குப் போனேன். வெறுங்காலால் நெல் துழாவிக்கொண்டிருந்தான். வரிசை முடிகிற இடத்தில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பி அடுத்த வரிசையைத் தொடங்கினான்.

நிரந்தரம் ஆனதில் வீட்டில் சந்தோஷம்தானே என்று மணியம்மாளிடம் கேட்டேன். அவள் நெல்லைத் தள்ளியபடியே சொன்னாள்.

"சந்தோசம் இல்லாம இன்னா. ஆனா அந்த அஞ்சு வாரந்தான் இந்த ஆளு ஊட்டுக்குச் சிரிச்சிக்கினு வந்தாரு."